ரொஸ்மொயில் வீட்டின் இரும்பு வளையம்

மெல்பேர்ண் நகருக்கு மேற்கே, ட்ருகனினாவையும் தாண்டிப் போனால், முட்செடியும் கல்வேலியும் தவிர வேறொன்றும் கண்ணில் படாத வெட்டவெளி. அந்த வெளியின் நடுவே ரொஸ்மொயில் என்ற பெரிய வீடு தனியாக நின்றது. 1976ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், பல் கிட்டிக்கும் குளிரில், ஒரு திங்கட்கிழமை காலை அந்த வீட்டை அளந்து வரைபடம் போட இரண்டு தமிழர்கள் வந்து இறங்கினார்கள். ஒருவர் விக்னராஜா. யாழ்ப்பாணத்தவர், படவரைஞர். மற்றவர் மெட்ராசிலிருந்து வந்த பார்த்தசாரதி, கட்டட என்ஜினியர். இருவரும் ஒரே கம்பெனியில் வேலை செய்தார்கள்.

காரை விட்டு இறங்கிய விக்னராஜா அசையாமல் நின்றார். அந்த வீட்டை அவர் முன்பே பார்த்திருக்கிறார். நாலு பக்கமும் அகலமான விறாந்தை. வரிசையாக மரத்தூண்கள். முன்வாசலில் நின்றால் பின்வாசல் தெரியும் நீண்ட நடை. சமையல் செய்யும் குசினி மட்டும் வீட்டோடு ஒட்டாமல் தள்ளி நிற்க, இடையில் கூரை போட்ட ஒரு பாதை. அதற்கும் பின்னால், ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டு எட்டுச் சிறிய அறைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கதவு, யன்னல் கிடையாது.

"சாரதி, இது எங்கட மலைநாட்டுத் துரை பங்களா. பின்னால இருக்கிற எட்டும் லயம்."

"லயமா? என்னப்பா, கச்சேரி எதாவது நடக்குமா அங்க?"

"தோட்டத்தில கூலியாட்கள் இருக்கிற வீடு. ஒரு அறைக்குள்ள ஒரு குடும்பம்."

சாரதி சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

கம்பெனியில் கொடுத்த கடதாசியில் வீட்டின் வரலாறு பாதிப் பக்கத்துக்கு இருந்தது. இலங்கையில் ரொஸ்மொயில் என்ற கோப்பித் தோட்டத்தின் சொந்தக்காரர் கப்டன் மக்ரே. கோப்பியில் நோய் விழுந்ததும் நேரகாலத்தோடு தோட்டத்தை விற்றுவிட்டு இங்கே வந்து செம்மறி வளர்த்தார். 1878இல், தன் பழைய பங்களாவின் படத்தை அப்படியே வைத்து, கருநீலக் கல்லில் இந்த வீட்டைக் கட்டினார். இலங்கையிலிருந்து வரும்போதே சில வேலையாட்களையும் கொண்டுவந்தார். அந்த வேலையாட்களுக்கு ஒரு வரிதான் கிடைத்திருந்தது. பெயர்கள் இல்லை.

மழையும் அட்டையும் உள்ள மலைச்சரிவுக்கு என்று போட்ட படம். நிலத்து ஈரம் ஏறாமல் இருக்க அங்கே தரையை மூன்றடி உயர்த்திக் கட்டுவார்கள். இங்கேயோ ஈரமே இல்லாத கட்டாந்தரை. ஆனாலும் கப்டன் ஓர் அங்குலம் குறைக்கவில்லை. தென்துருவத்துக் குளிர்காற்று உயர்த்திய தரைக்குக் கீழே நுழைந்து, பலகை இடுக்குகளால் ஏறி, அந்த நீண்ட நடையில் ஊளையிட்டபடி போய்வந்துகொண்டிருந்தது. ஒருவர் தன் பழைய வாழ்வைத் தூக்கி வந்து பொருந்தாத மண்ணில் நட்டால் அது இப்படித்தான் அழும் போலிருக்கிறது.

இனி அந்த வீடு கலியாண மண்டபமாகப் போகிறது. முன்பகுதி நிற்கும், குசினியும் லயமும் பின்கட்டும் இடிக்கப்பட்டுக் கார் நிறுத்தும் இடமாகும். பின்கட்டில்தான் ஒரு சிக்கல் இருந்தது. அங்கே ஓர் உயிர் குடியிருந்தது.

மிஸ் மக்ரே கப்டனின் பேத்தி. எண்பத்தெட்டு வயது. கலியாணம் செய்யவில்லை. வீட்டை விற்ற மருமகன், அவருடைய தம்பியின் மகன், அவருக்கு ஒரு முதியோர் இல்லத்தில் அறை எடுத்திருந்தார். வெள்ளிக்கிழமை நாலு மணிக்குக் கார் வரும். கிழவி வரமாட்டேன் என்றார். வராவிட்டால் டொக்டரின் கடிதத்தோடு ஆட்களைக் கூட்டிவந்து தூக்கிப் போவதாக மருமகன் சொல்லியிருந்தார்.

"தூக்கட்டும்" என்றார் மிஸ் மக்ரே, விக்னராஜா விறகை அடுப்படியில் கொண்டுவந்து வைத்தபோது. விறகு பிளந்து தரும்படி கிழவி கேட்கவில்லை. கோடரியைத் தூக்க முடியாமல் நின்றவரைக் கண்டு விக்னராஜாவே பிளந்து கொடுத்தார். "நான் அவளைத் தனியே விட்டுப் போக முடியாது."

யாரை என்று விக்னராஜா கேட்கவில்லை. அன்று பின்னேரம் மூன்று மணிக்கு, கேட்காமலே தெரிந்தது.

பின்கட்டின் கடைசி அறையை அளந்துகொண்டிருந்தார்கள். செங்கல் பாவிய தரை. கூரை ஒரு பக்கம் உயர்ந்து, பின்சுவர்ப் பக்கம் சரிந்து இறங்கியது. சரிவின் தாழ்ந்த பக்கத்தில், சுவரோரமாக ஓடிய விட்டத்தில் ஓர் இரும்பு வளையம். சாரதி அளவு ரேப்பின் மறுமுனையைப் பிடித்திருந்தார். அப்போது மேலே ஒரு சத்தம். கிறீச். சிறு இடைவெளி. மறுபடி கிறீச். யாரோ நிதானமாகப் பாரத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றுவது போல.

வளையம் அசையவில்லை. இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். சத்தம் மட்டும் நின்றபாடில்லை.

"காத்துதான்" என்றார் சாரதி.

"காத்தெண்டால் ஒரு தாளத்தில வராது."

"காத்துன்னு சொன்னா காத்துன்னு ஒத்துக்கோங்களேன். நான் வீட்டுக்குப் போய்த் தூங்க வேண்டாமா?" சாரதி ரேப்பைச் சுருட்டிக்கொண்டு வெளியே போனவர், அன்று முழுவதும் அந்த அறைக்குத் திரும்பவில்லை. விக்னராஜா நெற்றித் திருநீற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு தனியே அளந்து முடித்தார்.

மறுநாள் மூன்று மணிக்கு மிஸ் மக்ரே ஒரு கதிரையை இழுத்துக்கொண்டு போய் அந்த அறை வாசலில் உட்கார்ந்தார். மடியில் கைகளைக் கோத்துக்கொண்டார். சத்தம் வந்தது. விக்னராஜா பக்கத்தில் போய் நிற்க, கிழவி அவரைப் பாராமலே பேசத் தொடங்கினார்.

"உனக்கும் கேட்கிறதா? நல்லது. மற்றவர்கள் எனக்குப் பைத்தியம் என்பார்கள்." வளையத்தைப் பார்த்தபடி சொன்னார்: "என்னை வளர்த்த ஆயா. உன்னைப் போலக் கறுப்பு. கப்டனோடு இளம்பெண்ணாக வந்தவள். என் அப்பாவையும் அவள்தான் தூக்கினாள், என்னையும் அவள்தான். எனக்கு ஆறு வயதில் அம்மாவின் வெள்ளிக் கரண்டி ஒன்றை எடுத்துப் பொம்மைப் பெட்டியில் ஒளித்தேன். அம்மா கேட்டபோது, ஆயா எடுத்தாள் என்று சொன்னேன். ஏன் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியாது. அடி விழும் என்ற பயமாக இருக்கலாம். மறுநாள் காலை அவள் இல்லை. எங்கே என்று கேட்டேன். போய்விட்டாள் என்றார்கள்."

"பிறகு?"

"பிறகு என்னைப் பட்டணத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். பதினைந்து வயதில் திரும்பி வந்தேன். அவளுடைய அறையைப் பாலறை ஆக்கியிருந்தார்கள். குசினிக்காரி என்னை இங்கே கூட்டிவந்து அந்த வளையத்தைக் காட்டினாள். உன் கறுப்பு ஆயா இதில்தான் தொங்கினாள் என்றாள். அன்றைக்குத்தான் இந்தச் சத்தத்தை முதன்முதல் கேட்டேன். எழுபத்துமூன்று வருடம். கேட்டுக்கொண்டிருக்கிறேன். என்னால் செய்யக்கூடியது அது ஒன்றுதான். நான் போய்விட்டால் அவளோடு யார் உட்கார்ந்திருப்பது?"

 விக்னராஜாவின் மனம் வேறெங்கோ போய்விட்டது. இலங்கையில் அரசாங்க வேலையில் இருந்தபோது மலைநாட்டில் ஹற்றனுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலை ஆலையை அளக்கப் போயிருந்தார். துரை பங்களாவில் தேத்தண்ணி குடித்தார். லயத்து வாசல்களில் பெண்கள் பிள்ளைகளோடு நின்று பார்த்தார்கள். அவர் பேசிய அதே தமிழ்தான் அவர்களும் பேசினார்கள். ஒருத்தியின் பெயரையாவது அவர் கேட்டதில்லை. ஓர் அறைக்குள்ளாவது எட்டிப் பார்த்ததில்லை. படத்தில் அவற்றை எட்டுக் கட்டங்களாகப் போட்டுவிட்டு றெயில் ஏறியவர் அவர். ஒரு குழந்தை சொன்ன பொய்யை எடைபோட நான் யார் என்று நினைத்துக்கொண்டார்.

அன்று மாலை வீட்டுக்கு வந்தபோது மனைவி யோகா பிள்ளையின் ஏணையை ஆட்டிக்கொண்டிருந்தாள். அவர்களுடைய பெண்பிள்ளைக்கு ஆறு மாதம். வாடகை வீட்டுச் சீலிங்கில் கொளுக்கி அடிக்க வீட்டுக்காரன் விடவில்லை. இரண்டு கதவு நிலைகளுக்கு நடுவே குழாய் ஒன்றை வைத்து, அதில் வளையம் மாட்டி, நூல்சேலையைக் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். வீட்டுக்காரன் ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, பிள்ளையை ஏன் மூட்டை கட்டியிருக்கிறீர்கள் என்று கேட்டுப் போனான்.

"என்னப்பா, முகம் செத்துப்போய் இருக்கு? அந்த வீட்டில காத்துக்கறுப்பு ஏதும் பட்டுட்டுதோ?"

விக்னராஜா கதையைச் சொன்னார். யோகாவின் கை ஆட்டுவதை நிறுத்தவில்லை. முடிந்ததும் அவள் கேட்டாள்: "வளையம் எப்படி இருந்தது? தேஞ்சிருந்ததோ?"

"ஓம். அடிப்பக்கம் நல்லாத் தேஞ்சு அரைவாசி ஆயிட்டுது."

"தொங்கின ஆளால இரும்பு தேயுமோ? உங்களுக்குப் படம் கீறத்தான் தெரியும்." அவள் குழாயில் இருந்த வளையத்தைக் கண்ணால் காட்டினாள். ஆறு மாதத்தில் அதன் உட்பக்கம் வெள்ளிபோல மினுங்கியது. "வீட்டில பிள்ளை வளர்த்த பொம்பிளையின்ர அறை. வேற என்னத்தைக் கட்டியிருப்பா அதில?"

விக்னராஜா அப்படியே உட்கார்ந்துவிட்டார். வெள்ளைக்காரர் எழுபது வருடம் அந்த வளையத்தைப் பார்த்தார்கள். அவர்கள் குழந்தைகள் கட்டிலில் தூங்கியவர்கள். விட்டத்தில் ஒரு வளையத்தைக் கண்டால் அவர்களுக்கு வேறு நினைவுதான் வரும். அவருக்கு என்ன வந்தது? அவரும் இரண்டு நாள் அதைப் பார்த்தவர்தானே. பயம் வந்து கண்ணை மறைத்துவிட்டது.

ஆனாலும் மனம் முழுதாக அமரவில்லை. ஏணை கட்டிய வளையத்தில் பிறகொருநாள் வேறு ஏதும் நடந்திருக்கக் கூடாதா? அந்த முதியவளிடம் பாதி உண்மையைக் கொடுத்து ஆறுதல் சொல்வது தர்மமா? புதன்கிழமை முழுவதும் முன்பகுதியை அளந்தபடி இதையே உருட்டிக்கொண்டிருந்தார். வியாழக்கிழமை காலை, சுவாமிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, அந்த அறைக்குள் மறுபடி போனார். இம்முறை சாரதியும் வந்தார், ஒரு காலை வாசலுக்கு வெளியே வைத்துக்கொண்டு.

இரண்டு பக்கச் சுவர்களிலும், இடுப்பு உயரத்தில், வெள்ளைப் பூச்சுக்கு அடியில் சதுரம் சதுரமாக ஏதோ புடைத்திருந்தது. சம இடைவெளியில் ஏழு. சாரதி சுத்தியலால் ஒன்றைத் தட்டினார். பூச்சு உதிர்ந்தது. உள்ளே சுண்ணாம்புச் சாந்தால் அடைத்த ஓட்டை. அடைப்பின் நடுவே உளுத்துப்போன மரத்துண்டு.

சாரதியின் வெளிக்கால் உள்ளே வந்துவிட்டது. "இது தரைச்சட்டம் உட்கார்ந்த குழிப்பா. ஒரிஜினல் தரை இங்க இருந்திருக்கு. மரத்தரை."

"கதவு நிலையைப் பாருங்கோ. கீழ் மூண்டடி செங்கல். அதுக்கு மேலதான் கல்லு. வாசலைப் பிறகு கீழ வெட்டியிருக்கினம்."

பாலறை ஆக்கும்போது, பால் சிந்தினால் கழுவிவிட வசதியாக மரத்தரையைப் பெயர்த்துச் செங்கல் பாவியிருக்கிறார்கள். எப்போது? தண்ணீர் ஓடும் கானின் ஓரத்தில், சீமெந்து ஈரமாக இருந்தபோது கொத்தன் ஆணியால் எழுதியிருந்தான்: 1903.

சாரதி ரேப்பை இழுத்தார். செங்கல் தரையிலிருந்து வளையம் வரை ஏழரை அடி. பழைய மரத்தரையின் மட்டத்திலிருந்து அளந்தால் நாலரை அடி. இரண்டு தரம் அளந்தார். பிறகு தன் உயரத்தை நினைத்துப் பார்த்து, அந்த மட்டத்தில் தான் நின்றிருந்தால் வளையம் மார்பில் இடித்திருக்கும் என்பதைக் கையை வைத்துக் காட்டினார்.

"குனியாம இங்க நிக்கவே முடியாது. தூளி கட்டித் தரையில உட்கார்ந்து ஆட்டத்தான் சரி."

"ஏணை" என்றார் விக்னராஜா.

"அட, எதுவா இருந்தா என்ன? போய்ச் சொல்லுங்க அந்தம்மாகிட்ட."

மிஸ் மக்ரே முழுவதையும் கேட்டார். ஓட்டைகளை விரலால் தடவினார். 1903 என்ற எழுத்தைக் குனிந்து நெடுநேரம் பார்த்தார். அந்த ஆண்டில் அவருக்குப் பதினைந்து வயது. குசினிக்காரி கையை உயர்த்தி வளையத்தைக் காட்டியபோது தரை ஏற்கெனவே இறங்கிவிட்டிருந்தது; ஆயா இருந்த நாளில் அது மூன்றடி மேலே இருந்தது.

"அப்படியானால் அவள் சாகவில்லையா?"

விக்னராஜாவின் நாக்கில் ஒரு பதில் தயாராக இருந்தது. இல்லை, ஊருக்குப் போய்ச் சேர்ந்திருப்பாள், பேரப்பிள்ளைகளைக் கண்டிருப்பாள். எவ்வளவு இலகுவான பதில். அந்தக் கண்களைப் பார்த்தார். ஒரு பொய்யால் எண்பத்திரண்டு வருடம் புண்ணான கண்கள். இன்னொன்றை அதன்மேல் வைத்துக் கட்ட அவருக்கு மனம் வரவில்லை.

"இந்த வளையத்தில் இல்லை. அவ்வளவைத்தான் இந்தச் சுவர் சொல்கிறது, மிஸ் மக்ரே. அதற்கு மேல் எனக்குத் தெரியாது."

கிழவி தலையசைத்தார். வளையத்தை நிமிர்ந்து பார்த்து, "அந்தத் தொட்டிலை எப்படிக் கட்டுவார்கள் என்று எனக்கு யாராவது காட்டுவார்களா?" என்று கேட்டார்.

வெள்ளிக்கிழமை யோகா பிள்ளையோடு வந்தாள். பழைய நூல்சேலை ஒன்றைக் கொண்டுவந்திருந்தாள். சாரதி ஏணியில் ஏறி வளையத்தில் கயிறு கோத்தார். விட்டம் தாங்குமா என்று அவரே இரண்டு கைகளாலும் தொங்கிப் பார்த்தார்.

"என்ர பிள்ளையைப் போடப் போறன், அங்கிள். உங்கட கணக்குச் சரிதானே?" என்றாள் யோகா.

"அங்கிளா? முப்பத்தெட்டு வயசும்மா எனக்கு. என் வெயிட்டையே தாங்குது, பாப்பாவைத் தாங்காதா?"

யோகா சேலையை முடிச்சிட்டு, விரித்து, பிள்ளையை உள்ளே கிடத்தினாள். மெல்ல ஆட்டினாள். மேலே வளையம் பேசியது. கிறீச். இடைவெளி. கிறீச்.

மிஸ் மக்ரேயின் கை வாயைப் பொத்தியது.  எழுபத்துமூன்று வருடம் அவர் பக்கத்தில் இருந்து காத்தது எதை என்று அவருக்கே விளங்கிவிட்டது. சேலையின் ஓரத்தைப் பிடித்து அவரும் ஆட்டினார். பிறகு கையை எடுத்துவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தார்.

பிள்ளை தூங்கிவிட்டது. ஏணை ஆடிக்கொண்டிருந்தது. மணி மூன்றைத் தாண்டியது. இரண்டு நிமிடம், மூன்று நிமிடம். கையெடுத்த ஏணை குறைந்து குறைந்து நிற்க வேண்டியது. அதுவோ ஒரே வீச்சில், ஒரே தாளத்தில் போய் வந்தது.

"இஞ்சருங்கோ," யோகா குரலைத் தாழ்த்திச் சொன்னாள், "நான் தொடேல்லை."

"தெரியும்" என்றார் விக்னராஜா.

சாரதி காற்றைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. யோகாவும் பிள்ளையை அள்ளிக்கொண்டு ஓடவில்லை. அறையில் குளிர் இருந்தது; பயம் இல்லை. எத்தனையோ பிள்ளைகளைத் தூங்க வைத்த ஒருத்தி, கிடைத்த பிள்ளையைத் தூங்க வைக்கிறாள். அவ்வளவுதான் என்று நாலு பேருக்கும் தோன்றியது. அவளுக்கு யாரிலும் கோபம் இருந்ததா என்று அந்தச் சேலையைப் பார்த்தவர்கள் கேட்கமாட்டார்கள்.

நாலு மணிக்குச் சற்று முன்பு கார் வந்து நின்ற சத்தம் கேட்டது. மிஸ் மக்ரே தானாக எழுந்தார். கோட்டை மாட்டிக்கொண்டார். அறையின் நடுவில் போய் நின்று, சேலையைப் பார்த்து, தெளிவான குரலில், சின்னப்பிள்ளை ஒப்புவிப்பது போலச் சொன்னார்: "கரண்டியை நான்தான் எடுத்தேன். என் பொம்மைப் பெட்டியில் இருந்தது. நீ எடுக்கவில்லை."

யோகா பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, மற்றக் கையால் கிழவியின் முழங்கையைப் பிடித்தாள். வாசற்படியில் மிஸ் மக்ரே நின்றார்.

"நான் போகிறேன்" என்றார் அறையைப் பார்த்து.

"நாங்கள் அப்படிச் சொல்லமாட்டோம், மிஸ் மக்ரே" என்று யோகா ஆங்கிலத்தில் மெல்லச் சொன்னாள். "போய் வருகிறேன் என்றுதான் சொல்ல வேண்டும். அவவுக்கும் அதுதான் பழக்கமாக இருந்திருக்கும்."

கிழவி தலையை ஆட்டி மறுத்தார்.

"நான் திரும்பி வரப்போவதில்லை, பெண்ணே. இந்த வீட்டில் அவள் பேரில் ஒரு பொய் சொல்லியாகிவிட்டது. அவளிடம் இன்னொன்று சொல்லமாட்டேன்."

அவர் படியைத் தாண்டினார். விறாந்தையோரமாகப் போய், மருமகன் நீட்டிய கையை விலக்கி, யோகாவின் கையை மட்டும் பிடித்தபடி காரை நோக்கி நடந்தார். டொக்டரின் கடிதத்தோடு வந்த இரண்டு ஆட்களும் செய்வதற்கு ஒன்றுமில்லாமல் ஒதுங்கி நின்றார்கள்.

பின்னால் வந்த விக்னராஜா கதவை இழுத்துச் சாத்தினார். சேலையை அவிழ்க்கட்டுமா என்று சாரதி கேட்டதற்கு, இடிக்கத் தொடங்கும் திங்கட்கிழமை வரை கிடக்கட்டும் என்றார். பிறகு கதவருகே வாயை வைத்து, அன்று ஹற்றன் லயத்தில் யாரிடமும் சொல்லாமல் றெயில் ஏறிய அந்த விடைச்சொல்லை, இங்கே சொன்னார்.

"போயிட்டு வாறம், அம்மா."